பஞ்சு படியாத கண்ணாடி

திருப்பூரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்குப் பஞ்சுதான் முதல் எதிரி. கரண்ட்டைச் சொல்வார்கள், வெயிலைச் சொல்வார்கள், வைரஸ் என்பார்கள். அதெல்லாம் அப்புறம். பனியன் கம்பெனிக்குள் பஞ்சு காற்றோடு கலந்தே இருக்கிறது. காலையில் கறுப்புத் தலையோடு உள்ளே போகிறவர்கள் சாயங்காலம் நரைத்த தலையோடு வெளியே வருகிறார்கள். அந்தப் பஞ்சு கம்ப்யூட்டருக்குள் போய் ஃபேனில் சுற்றிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் ஒருநாள் சத்தம் போடாமல் நின்றுவிடும். இதற்கு எங்கள் ஊரில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தையல் மிஷினுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் குழாயைக் கொண்டுவந்து ஊதுவார்கள். பாதித் தூசி வெளியே வரும், மீதி இன்னும் ஆழமாக உள்ளே போய் உட்காரும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்தக் கதவுக்கு எதற்காகத் தாழ்ப்பாள் போட்டாய் என்று கேட்டீர்கள். பஞ்சு வரக்கூடாது என்று போட்டேன் என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்கிற மாதிரிப் பார்த்தீர்கள். அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

என் பெயர் வேல்குமார். வயது முப்பத்தொன்பது. மனைவி வினிதாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் திருமுருகன்பூண்டியில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் சிலை செதுக்குகிறவர்கள். வீட்டில் கல் தூசி, வேலையில் பஞ்சுத் தூசி, இதுதான் என் வாழ்க்கை. பதினாறு வருடமாக நெருப்பெரிச்சல் ஊரில் லிங்கசாமி முதலாளியின் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறேன். ஒரு டீ-சர்ட்டின் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்கிக் கொடுப்பது என் வேலை. நான் போட்ட கோட்டின் மேல்தான் கத்தி போகும். லட்சக்கணக்கான சட்டைகள் அப்படி வெட்டப்பட்டுக் கப்பல் ஏறியிருக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்கிற ஒரு மனிதனைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. லேபிளில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

போன வருடம் தை மாதத்தில் பழைய கம்ப்யூட்டர் பஞ்சு அடைத்துச் செத்துப்போனது. எங்களிடம் சட்டை வாங்குகிற வெளிநாட்டு பையர் அடுத்த மாதம் வருவதாக இருந்தார். சட்டையைத் தைப்பதற்கு முன்பே திரையில் ஒரு பொம்மைக்குப் போட்டுத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பலமான கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் இருப்பதை வாங்கிவிடலாம் என்றார் முதலாளி. வேண்டாம், நானே கட்டுகிறேன் என்றேன். பதினாறு வருடத்தில் அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கு அவர், "பையர் வந்து பாத்தா அசந்து போகோணும், அப்படி ஒண்ணு பண்ணிப் போடுங்க வேலு" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து பாகங்கள் வந்தன. அவற்றை வைத்துக் கட்டுகிற பெட்டியை, கேபினெட்டை, நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அப்படிப்பட்ட கேபினெட்டில் ஏமாற்ற முடியாது. ஒயரை எப்படியோ திணித்துத் தகரத்தைப் போட்டு மூடுகிற வேலையெல்லாம் அதில் நடக்காது. மூன்று நாள் உட்கார்ந்து கட்டினேன். நல்ல தையலில் பிசிறெல்லாம் உள்பக்கம் போவது மாதிரி, ஒவ்வொரு ஒயரையும் போர்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினேன். பிராசசர் மேல் பட்டாணி அளவு பசை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். உள்ளே இருந்த விளக்குகள் கலர் கலராக மாறுகிற ரகம். கல்யாண மண்டபம் மாதிரி வேண்டாமென்று வெள்ளையிலேயே நிறுத்தினேன். கடைசியில் சுவிட்சை அழுத்தியதும் ஏழு ஃபேனும் ஒன்றாகச் சுற்றின. சத்தமே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். புள்ளைங்க பொறந்தப்பகூட உங்க மூஞ்சிய இப்படிப் பாக்கலீங்க என்றாள் வினிதா. உண்மைதான். பிள்ளைகள் தானாகப் பிறந்தார்கள். இது நான் கட்டியது.

பையர் வந்தார், பார்த்தார், அசந்தார். கண்ணாடியில் விரலை வைத்துத் தட்டி, இதை யார் செய்தது என்று கேட்டார். நம்ம டீம் என்றார் முதலாளி. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் போனதும் விரல் தடத்தைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பழைய கம்ப்யூட்டர் தகரப் பெட்டி. உள்ளே எவ்வளவு பஞ்சு சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததால் கவலையும் இல்லை. கண்ணாடி வந்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. மூன்றாம் நாளே கீழ் ஃபேனின் இறக்கையில் ஒரு நூல் ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. அரை அங்குலம் இருக்கும். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து அளந்துவிட்டுப் போனதுதான், இருந்தாலும் என் வாயாலும் வரட்டும். இரண்டாவது மாடி. முன்பக்கம் பெரிய மாடிப்படி. அதை ஒட்டி செக்கிங் ஹால், தைத்த சட்டைகளில் ஓட்டை, கறை, நூல் பார்க்கும் பெண்கள் உட்காருமிடம். ஹாலின் கடைசியில் என் அறை. என் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று ஹாலைப் பார்த்தது, மேல்பாதியில், உடைக்க முடியாதபடி உள்ளே கம்பிவலை வைத்த கண்ணாடி பதித்தது. இன்னொன்று பின்னாலுள்ள இரும்புப் படிக்குப் போவது. ஏதாவது ஆபத்து என்றால் செக்கிங் பெண்கள் என் அறை வழியாக இரும்புப் படியில் இறங்க வேண்டும். தரையில் பச்சை பெயிண்டில் அம்புக்குறி என் கதவு வரைக்கும் போட்டிருக்கிறது. அந்தக் கதவைப் பூட்டக்கூடாது என்பது பையர் போட்ட விதி, சர்க்கார் போட்ட சட்டம். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்தது என்று உங்கள் அறிக்கையில் இல்லை. ஒருநாள் எண்ணினேன், நாற்பத்து மூன்று முறை. போன் பேச ஒருத்தி, காற்று வாங்க ஒருத்தி, டீக்கு எல்லோரும். ஒவ்வொரு தடவையும் ஹாலின் பஞ்சு ஒரு கை அளவாவது உள்ளே வரும். நோட்டீஸ் ஒட்டினேன். வாயாலும் சொல்லிப் பார்த்தேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். கடைசியில் என் அறைப் பக்கமாக ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டேன். நாலு ஸ்க்ரூ, நானே முடுக்கியது. அதற்கப்புறம் பதினொரு நாள் ஃபேனில் ஒரு நூல்கூட இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பையரின் ஆட்கள் சோதனை போட வந்தார்கள், அதுதான் ஆடிட். ஆடிட் நாளில் தாழ்ப்பாளைக் கழற்றி, ஸ்க்ரூவை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பேன். ஆடிட் என்றால் கம்பெனி முழுக்கவே ஒரு வேஷம்தான். முன் மாடிப்படியில் அடுக்கியிருக்கும் வேஸ்ட் துணி மூட்டைகள் லாரியேறிப் போகும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும், தீயணைக்கும் சிலிண்டருக்குத் துடைப்பு நடக்கும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் மூட்டைகள் திரும்பி வரும். என் நாலு ஸ்க்ரூவும் மாத்திரை டப்பாவிலிருந்து திரும்பி வரும். முதலாளி ஒருமுறை தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, ஆடிட் அன்னிக்கு மட்டும் கழட்டி வெச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அப்படியொரு தாழ்ப்பாளைத் தன் கண்ணால் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அப்படியே இருக்கட்டும். அந்தத் தாழ்ப்பாள் என்னுடையது. அதில் அவருக்குப் பங்கு தரமாட்டேன்.

விஜயகுமாரி அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்மேல் எனக்கு என்ன பகை என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஒரு பகையும் இல்லை. செக்கிங்குக்கு அவர்தான் பொறுப்பு. பன்னிரண்டு வருடமாகத் தெரியும். நாற்பத்தேழு வயது. புருஷன் இல்லை, பையன் சேலத்தில் படிக்கிறான். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கட்டுச்சோற்றில் ஊறுகாய் இருந்தால் எனக்கும் ஒரு துண்டு வரும்.

ஆயுத பூஜையன்று மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், என் அறைக்குள் வந்து கேபினெட்டின் கண்ணாடியிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஊட்டுப் புள்ளையாட்டப் பாத்துக்கறீங்க, இதுக்குப் பொட்டு வெக்காம உட்டா எப்படீங்க என்றார். நான் சிரித்தேன். அவர் அடுத்த மிஷினுக்குப் போனதும் துடைத்துவிட்டேன். சந்தனம் காய்ந்துவிட்டால் கோடு விழும்.

தாழ்ப்பாள் போட்ட இரண்டாம் நாள் அவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நீங்க பாட்டுக்குத் தாப்பாளப் போட்டு உக்காந்துக்கறீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எப்படீங்க வெளிய போறது?"

"நான் உள்ளதானுங்க்கா இருக்கறேன். தட்டுனீங்கன்னா தெறக்கப் போறேன்."

அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரீங்க. நீங்க இருக்கறீங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்ற பெண்கள் முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றபோது, தம்பி நம்ம தம்பிதானுங்க என்று அவர்தான் அடக்கியிருக்கிறார். இது எனக்கே நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்றே முக்கால். முன் மாடிப்படிக்குக் கீழே கரண்ட் பெட்டியில் பொறி பறந்து, வேஸ்ட் மூட்டைகளில் பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் இருந்தவர்கள் ஓடிப்போய்விட்டார்கள். செக்கிங் ஹாலில் ஏழு பேர். அவர்கள் முன்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, புகையைக் கண்டு பச்சை அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடிதான்.

கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரும்புப் படிக் கதவைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. நான் பயந்துவிட்டேன் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். பயந்தவன் அப்போதே இறங்கி ஓடியிருப்பான். நான் திரும்பி வந்து உட்கார்ந்து, திறந்திருந்த பேட்டர்னை சேவ் செய்து, கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தினேன். அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. இடிக்கவில்லை. வழக்கமாகத் தட்டுகிற மாதிரி மூன்று தட்டு.

கண்ணாடியில் விஜயகுமாரி அக்காவின் முகம் தெரிந்தது. பின்னால் மற்றவர்கள், அவர்களுக்கும் பின்னால் புகை. அவர் கத்தவில்லை. தாழ்ப்பாள் இருக்குமிடத்தை விரலால் காட்டினார்.

உங்கள் ஆட்கள் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். என் நாற்காலியிலிருந்து கதவுக்கு நாலு எட்டு, தாழ்ப்பாளை இழுக்க இரண்டு வினாடி. நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு வினாடிக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை, நான் போட்டேன். பஞ்சு மாதிரி இல்லை கரி. பாலியஸ்டர் கலந்த துணி எரிந்தால் வருகிற கரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அது உள்ளே போய் போர்டில் ஒட்டினால் ஒட்டியதுதான், எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. கதவு திறந்தால் ஒரே நிமிடத்தில் அறை நிறைந்துவிடும். அதனால் முதலில் அதை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து திறக்கலாம் என்று முடிவு செய்தேன். எதை முதலில் செய்வது என்று யாராவது ஒருவன் முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிடம் என்று.

அவர் தலையாட்டினார். திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. ஜெயபாரதி, அவர் பக்கத்தில் நின்றிருந்த பெண், உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "ஒரு நிமிசம் பொறுங்க, தம்பி தெறக்கறாருங்க" என்று சொன்னாராம்.

ஒன்பது ஒயர். பிடித்து இழுக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். திரைக்குப் போகிற ஒயரில் இரண்டு ஸ்க்ரூ, அதையும் கையால் திருகித்தான் எடுத்தேன். சாம்பிள் துணியைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். முப்பத்தொரு படி. பதினாலு கிலோ கனம், பக்கவாட்டில் கண்ணாடி, அவசரப்பட முடியாது. கீழே புங்க மரத்தடியில், சுவரைப் பார்த்துக் கண்ணாடி இருக்கும்படி வைத்தேன். துணியை விலக்கி, உள்ளே ஏதாவது ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுக்கும் ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் என்றுதான் நினைத்தேன். எதிர்க் கம்பெனி கேமராவில் ஆறு நிமிடம் என்று காட்டினீர்கள். கேமரா பொய் சொல்லாது.

பிறகு திரும்பி ஏறினேனா என்று கேட்டீர்கள். ஏறினேன். பன்னிரண்டு படி ஏறினேன். அங்கிருந்து பார்த்தபோது, வாட்ச்மேனும் பக்கத்துக் கம்பெனி ஆட்களும் குழாயை இழுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்கு வருவது தெரிந்தது. தண்ணீர் அடித்தால் முதலில் நனைவது அதுதான். இறங்கிவந்து அதைத் தூக்கி வாட்ச்மேன் ஷெட்டுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மேலே படிக்கதவு வழியாகப் புகை வர ஆரம்பித்திருந்தது. நான் மறுபடி ஏறவில்லை. இதுதான் நடந்தது, முழுசாக. கதவைத் திறக்க எனக்கு வழி இருந்தது, நேரம் இருந்தது, கை கால் நன்றாக இருந்தது. நான் திறக்கவில்லை.

ஆறு பேர் பிழைத்தார்கள். பாத்ரூம் ஜன்னலை உடைத்திருக்கிறார்கள், அடுத்த கட்டிடத்தில் தங்கியிருக்கும் இந்திக்காரப் பையன்கள் ஏணி போட்டு இறக்கியிருக்கிறார்கள். விஜயகுமாரி அக்கா போகவில்லை. கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லையாம். ஜெயபாரதி சொன்னதை இரண்டு தடவை படித்தீர்கள், என் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக.

"அவுரு தெறந்துட்டு நம்மளக் காணாம்னா, தேடிக்கிட்டுப் பொகைக்குள்ள வந்துருவாருங்க. பாவம். நீங்க போங்க, நான் சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

என் முகம் மாறவில்லை என்று எழுதிக்கொண்டீர்கள். மனசுக்குள் எனக்கு வந்தது கோபம். யார் அவரை நிற்கச் சொன்னது? ஒரு நிமிடம் என்று நான் காட்டினேன். ஒரு நிமிடம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியும் ஒருவன் வரவில்லை என்றால், புத்தியுள்ளவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும். மற்ற ஆறு பேர் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சட்டையிலும் குறை கண்டுபிடித்த மனுஷி, என் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி நம்பினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இந்தப் பழியை என் தலையில் கட்டுவதற்காகவே நின்ற மாதிரி இருக்கிறது.

என்னைப் பைத்தியம் என்று சொல்லி வழக்கை நடத்தலாம் என்கிறாராம் வினிதா கூட்டிவந்த வக்கீல். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பைத்தியக்காரன் கட்டினால் ஒயர் அப்படி இருக்காது. உங்கள் ஸ்டேஷன் மூலையில், சாட்சிப்பொருள் என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்களே, சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். ஏழு ஃபேனும் சுற்றும். சீட்டைக் கண்ணாடிமேல் ஒட்டியிருக்க வேண்டாம், பசை போகாது.

நீங்கள் பதிந்ததில் ஒரே ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்திவிடுங்கள். நேற்று அந்தக் கதவின் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் என் முன்னால் வைத்தீர்கள். தீ அதுவரைக்கும் வரவில்லை, புகைதான் வந்திருக்கிறது. கரி படிந்த கண்ணாடியின் நடுவில் ஓர் உள்ளங்கை, ஐந்து விரலோடு, கீழ்நோக்கிக் கொஞ்சம் இழுபட்டு இருந்தது. என் கை தானாகப் பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. தொடுவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டீர்கள். தடயத்தை அழிக்க முயன்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். அழித்து எனக்கு என்ன ஆக வேண்டும்? திறக்காதது நான்தான் என்று மேலே என் கையெழுத்திலேயே இருக்கிறது. கண்ணாடியில் கை பட்டிருந்தால் நான் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான். அது யாருடைய கை என்று பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை.